ராயக்கோட்டைக்கு மேல் வானம்

பிரகாசம் எழுந்ததும் ஸ்டவ்வைப் பற்ற வைத்தான். பால் காய்வதற்குள் கிணற்றில் ஒரு வாளி இறைத்து முகம் கழுவினான். காப்பி குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மிச்ச வெந்நீரில் முகம் மழித்தான். சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்து, ஈரப் புல்லைக் கடந்து பங்களாவுக்குப் போனான். ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான்.

பங்களா மிஷனுடையது. கடைசியாக அதில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் சீமைக்குத் திரும்பிப் போனபின் ஆள் இல்லை. பூட்டியே கிடந்தால் ஓசூர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் கட்டடம் பாழாகிவிடும் என்று சபைக் கமிட்டியார் ஓர் ஏற்பாடு செய்தார்கள். போர்டு ஹைஸ்கூலுக்குச் சரித்திர வாத்தியாராக வந்த பிரகாசத்துக்குப் பின்பக்கம் தனியாக இருந்த இரண்டு அறைகளை வாடகையில்லாமல் கொடுத்தார்கள். பதிலுக்கு அவன் பங்களாவுக்குக் காற்றும் வெளிச்சமும் காட்ட வேண்டும். கல்யாணமாகி ஜெபசீலி வந்ததும் அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பங்குனிக் கடைசியில் டைபாய்டில் அவள் இறந்துபோனாள். சித்திரையிலிருந்து மறுபடியும் அவன் செய்கிறான். இப்போது ஐப்பசி.

ஹாலில் முனிலட்சுமி பெருக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கார அம்மாள் காலத்திலிருந்தே அங்கே வேலை செய்கிறவள். புருஷன் கரியப்பன் பெங்களூர் மில்லுக்குப் போகிறேன் என்று போனவன்தான். காம்பவுண்டின் மூலையில் ஓடு வேய்ந்த ஓர் அறை அவளுக்கு விட்டிருந்தார்கள். பெருக்குவது, துடைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் அவள் பாடு. தெலுங்கு வீட்டுப் பேச்சு; கன்னடம் சந்தைப் பேச்சு; பிரகாசத்திடம் தமிழ்.

“இன்னிக்கி அந்தப் படத்த எடுத்துட்டுப் போறாங்களாமே சார்,” என்றாள்.

ஆமாம் என்றான். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் வடக்குச் சுவரைப் பார்த்து நின்றாள்.

அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது. அதன்மேல் பச்சைத் துணியில் ஒரு சின்னத் திரை, கம்பியில் ஓடும்படி. நீர்வண்ணப் படம் வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்று வெள்ளைக்கார அம்மாள் போட்டு வைத்த திரை. விருந்தாளி வந்தால் விலக்கிக் காட்டுவார். கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்கு விலக்கிக் காட்டுவார். மற்ற நாளெல்லாம் மூடியே இருக்கும். கோயிலில் திரை விலகினால் கும்பிட்டுப் பழகிய முனிலட்சுமி, இங்கேயும் திரை விலகினால் கையெடுத்துவிடுவாள். அது சாமி இல்லை, மலை என்று அம்மாள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மலையென்றால் கும்பிடக் கூடாதா என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

படத்தில் இருந்தது ராயக்கோட்டை மலை. கும்பினிப் படை திப்புவிடமிருந்து கோட்டையைப் பிடித்துச் சில ஆண்டுகள் கழித்து, நிலம் அளக்க வந்த யாரோ ஒரு வெள்ளைக்காரன் தீட்டியது. ஓரத்தில் இரண்டே எழுத்தில் கையொப்பம். முழுப்பெயர் யாருக்கும் தெரியாது. அந்தப் படம் பொதுமக்கள் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும் என்று அம்மாள் சீமையிலிருந்து எழுதியிருந்தார். சென்னையில் ஒரு காட்சிசாலை அதை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தது.

அங்கிருந்து வந்தவர் பெயர் அருள்ஜோசப். முன்வழுக்கை, ஒல்லி, கையில் தகரப் பெட்டி. கிருஷ்ணகிரி பஸ்ஸில் வந்து இறங்கியவரைப் போதகர் நேரே பங்களாவுக்கு அழைத்து வந்தார். பிரகாசம் அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தான்.

அவன்தான் திரையை விலக்கினான்.

அருள்ஜோசப் கிட்டே போனார். தள்ளி வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படம் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லப்போகிறார் என்று போதகர் புன்சிரிப்போடு காத்திருந்தார்.

“இவங்கல்லாம் எங்க சார் ஓடுறாங்க?” என்றார் அருள்ஜோசப்.

பிரகாசத்துக்குப் புரியவில்லை. அவர் விரலால் காட்டினார். மலையடிவாரத்தில் விரற்கடை உயரத்துக்குச் சின்னச் சின்ன மனிதர்கள். ஒருத்தி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறாள். இரண்டு பேர் மாடுகளை விரட்டுகிறார்கள். மாடுகளின் வால் மேலே தூக்கியிருக்கிறது. வண்டிக்காரன் ஒருவன் நுகத்தடிமேல் குனிந்து காளைகளை முடுக்குகிறான். புளியமரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. மலையின் கீழ்ப்பாதி நனைந்ததுபோல் கறுத்திருக்கிறது.

“மழைக்கு ஓடுறாங்க. இப்ப மேல பாருங்க. துணி காயப் போடலாம்.”

மேலே வானம் நீலமாக இருந்தது. ஒரு திட்டு மேகம் கிடையாது. சலவைக்குப் போட்டு எடுத்த சட்டைபோல, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் ஒரே நீலம்.

பிரகாசம் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். அவன் பார்த்தது கோட்டையை. எந்த வாசல் வழியாகப் படை ஏறியிருக்கும், பீரங்கி எங்கே நின்றிருக்கும் என்று ஜெபசீலிக்கு விளக்கம் சொல்லியிருக்கிறான். வானம் அவன் கண்ணில் பட்டதே இல்லை.

அருள்ஜோசப் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பின்னால் அடித்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே பேசினார். அந்தக் காலத்துப் படக்காரர்களுக்கு மலையும் கோட்டையும் ஒரு சாக்குத்தான். புயலும் இடியும் மேகமும்தான் அவர்களுக்கு விஷயம். மனிதனை எறும்புபோலக் கீழே போட்டுவிட்டு, காகிதத்தில் மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பார்க்கிறவன் நெஞ்சு ஒரு கணம் அடைக்க வேண்டும், அதற்காகவே தீட்டுவது. இந்தப் படத்தில் அடைக்கவில்லை என்றார்.

கண்ணாடியை எடுத்ததும் தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டு, வானத்தின் ஒரு மூலையில் லேசாக உருட்டினார். பஞ்சில் நீலம் ஏறிவிட்டது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சலவை நீலம். நம்ம ஊர்ல வேட்டிக்குப் போடுறது.”

நீலம் போன இடத்தில் காகிதம் மயிர்விட்டுத் தும்பு தும்பாக நின்றது. யாரோ ஈரத்துணி போட்டு அழுத்தித் துடைத்திருக்கிறார்கள், மேகமெல்லாம் துணியோடு போய்விட்டது, அப்புறம் அதை மறைக்க இதைப் பூசியிருக்கிறார்கள் என்றார். தண்ணீரில் கரைத்துத் தீட்டியது தண்ணீரிலேயே போய்விடும். இனிமேல் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பூச்சு பழையதில்லை, ஒரு வருஷம் இருந்தால் அதிகம்.

போதகரின் முகம் சிவந்துவிட்டது. நல்ல மனிதர், ஆனால் நம்பிக் கொடுத்த பொருள் கெட்டுப்போனதை அவரால் பொறுக்க முடியாது. ஹாலில் அவர்களைத் தவிர யாருமில்லை என்றாலும் குரலைத் தணித்துக்கொண்டார்.

“இங்க துடைக்கிறது வேற யாரு தம்பி? முனிலட்சுமிதான. கெடுத்துட்டு, பூசியும் மறைச்சிருக்கா. அம்மா மொகத்துல நான் எப்படி முழிக்கறது?”

பிரகாசம் பஞ்சிலிருந்த நீலத்தைப் பார்த்தான்.

சாயங்காலம் கமிட்டி கூடுவதாக இருந்தது. ஜெபசீலியின் கல்லுக்கு வாசகம் முடிவு செய்யத்தான் கூடுவது. மாமனார் கிருஷ்ணகிரியில் கருங்கல் சொல்லி வைத்திருந்தார். இந்த விஷயத்தையும் அப்போதே பேசிவிடலாம், முனிலட்சுமி அறையைக் காலி செய்ய ஒரு வாரம் கொடுக்கலாம், அதற்குள் நீங்கள் அவளை விசாரித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போதகர் அருள்ஜோசப்பைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார்.

பிரகாசம் மேஜையருகே நின்றான். பிடுங்கிய ஆணிகள் ஒரு தட்டில் கிடந்தன. அவை அவன் அடித்த ஆணிகள்.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பங்களாவுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிக்கிறவன் ஏணியைச் சாய்த்ததில் படத்தின் கண்ணாடி விரிந்தது. பிரகாசம் அந்த ஆளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபசீலியிடமும் அன்று முழுவதும் பேசவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டு, அளவெடுத்துக்கொண்டு, சனிக்கிழமை பெங்களூர் போய்ப் புதுக் கண்ணாடி வெட்டி வந்தான். நடுவில் சில நாள் படம் கண்ணாடி இல்லாமல் வெறும் திரையோடு தொங்கியது. பிறகு இதே மேஜையில் வைத்துக் கண்ணாடியைப் பொருத்தி இதே ஆணிகளை அவனே அடித்தான். ஜெபசீலி சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். புது வானத்தின்மேல்தான் அவன் கண்ணாடியை வைத்திருக்கிறான். ஆணி கோணாமல் இறங்குகிறதா என்பதில் அவன் கவனமாக இருந்தான்.

அன்றைக்கு அவள் நகக்கண்களில் நீலம் இருந்தது. அதுவும் இப்போது ஞாபகம் வந்தது. சுண்ணாம்பில் நீலம் கலக்கினேன் என்று அவன் கேட்காமலேயே சொன்னாள்.

முனிலட்சுமி கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றதும் கையை அலம்பிக்கொண்டு எழுந்தாள். என்ன கேட்பது என்று அவன் யோசிப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். வெளி ஜன்னலண்டை நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நாந்தான் சார் தொடச்சன்.”

அவன் படியில் உட்கார்ந்தான்.

“அது எங்க ஊரு மலைங்க. நான் பொறந்தது அதுக்கு அந்தாண்ட. வெள்ளையடிச்சப்ப அதும்மேல சுண்ணாம்பு தெறிச்சிக் கெடந்துச்சு. காஞ்சா புடிச்சிக்குமேன்னு ஈரத்துணி போட்டு ஒரு இழுப்பு இழுத்தன். துணியில கருப்பா வந்துச்சு. எத்தினி வருசத்துப் பொகை, ஒருத்தருங் கவனிக்கலியேன்னு நல்லா அழுத்தித் தொடச்சன். கருப்பெல்லாம் போயி பளிச்சுனு ஆயிடுச்சு. சின்னம்மாவக் கூப்ட்டுக் காட்னன். வந்து பாருங்கம்மா, எத்தினி சுத்தமா ஆயிடுச்சின்னன்.”

“ஜெபசீலி என்ன சொன்னா?”

“மொதல்ல ஒண்ணுஞ் சொல்லல. கீழ ஒக்காந்துட்டாங்க. அப்பறம் சிரிச்சாங்க. சிரிச்சிட்டே இருந்தவங்க அழுதாங்க. எனக்கு ஒண்ணும் புரில. அப்பறந்தான் சொன்னாங்க, முனிலட்சுமி, அது அழுக்கில்லடி, மேகம்னு.”

இதைத் தொழுகிறவள்போல் கைகளை மார்பில் சேர்த்துக்கொண்டு சொன்னாள். மிச்சத்தை இழுத்து இழுத்துச் சொன்னாள். வெளியே தெரிந்தால் இவளை அன்றே துரத்திவிடுவார்கள் என்று ஜெபசீலிக்குத் தெரியும். வேலியோரக் கருவேலமரத்தில் பிசின் உரித்து வரச் சொல்லியிருக்கிறாள். அதை ஊறப்போட்டு, நீலத்தைக் கரைத்து, ஈர்க்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி, அவன் பள்ளிக்கூடம் போன நேரங்களில் உட்கார்ந்து பூசியிருக்கிறாள். கையைத் தாங்கிக்கொள்ள ஒரு தலையணை. இலைகளுக்கு நடுவே போகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாளாம்.

மேகமாகவே போட்டுவிடுங்களேன் என்று இவள் சொன்னாளாம். “மேகம் போட எனக்கு எங்க தெரியும், நீலம்னா யாருக்கும் வரும்னாங்க.”

பிரகாசம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

முனிலட்சுமி வாளியை நகர்த்தினாள். சாம்பல் உருண்டையை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

“சார்கிட்ட சொல்லிடலாம்மா, அவரு நல்லவருதானேன்னன். அவரு திட்டமாட்டாரு, பேசாம இருந்துடுவாரு, அத என்னால தாங்க முடியாதுன்னாங்க.”

அவன் பேசாமல் இருந்தான். பிறகு தான் பேசாமல் இருப்பதை உணர்ந்து, சரி என்றான்.

சாயந்தரம் தானே கமிட்டியில் வந்து சொல்லிவிடுகிறேன் என்றாள் அவள். செத்துப்போனவளுக்கு இதில் பங்கே வேண்டாம். படத்தைக் கெடுத்ததும் நான், பூசினதும் நான் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு ராயக்கோட்டைப் பக்கம் போய் அண்ணன் வீட்டில் விழுந்து கிடக்கிறேன். அங்கே அண்ணி ஒரு மாதிரி, ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம். சொல்லும்போது அவள் கண் மூலையில் இருந்த தன் அறையைப் பார்த்தது. வாசலில் காய்ந்துகொண்டிருந்த கேழ்வரகை ஒரு கோழி கிளறிக்கொண்டிருந்தது. அவள் அதை விரட்டவில்லை.

“நீ வர வேணாம். வேலையப் பாரு,” என்றான்.

மத்தியானம் அருள்ஜோசப் திரும்பி வந்தபோது பிரகாசம் படத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. வெளிச்சம் படக்கூடாது என்பதை அவன் மறந்துவிட்டிருந்தான். அருள்ஜோசப் ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்தினார்.

அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து ஒரே நீலம். கிட்டே போனால் அப்படி இல்லை. மலை உச்சியில், கோட்டை மதில் காகிதத்தில் நூலிழைபோல ஓடும் இடத்தில், நீலம் மதிலைத் தொடாமல் ஒட்டி நடந்து போயிருந்தது. புளியமரத்தின் கிளைகளுக்குள் புகுந்து இலைகளுக்கு நடுவே நுழைந்து வெளியே வந்திருந்தது. ஓர் இடத்தில் பஞ்சு நழுவியிருக்க வேண்டும். அங்கே விரல் நுனியால் தட்டித் தட்டிச் சரிசெய்த தடம். சின்ன விரல். மேலே போகப் போகக் கை சோர்ந்தோ, நேரம் ஆகிவிட்டதோ, கோடுகள் அகலமாகிவிட்டன. அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரமாக இருக்கலாம்.

“யார் போட்டாங்களோ தெரியாது,” என்றார் அருள்ஜோசப், பெட்டியைத் திறந்துகொண்டே. “தொழில் தெரியாத கை. ஆனா ஒரு இலைமேல கூடப் படல. என் சிஷ்யப் பசங்ககூட இவ்வளவு பொறுமையாச் செய்யமாட்டாங்க.”

படத்தை அவர் எடுத்துப் போவதாகத்தான் இருந்தது. மலையும் மரமும் மனிதர்களும் முதல்தரமான கை என்றார். நீலத்தை என்ன செய்வீர்கள் என்று பிரகாசம் கேட்டான். அதைச் சென்னையில்தான் முடிவு செய்வார்கள், தன் அபிப்பிராயம் கேட்டால் எடுத்துவிடலாம் என்பதுதான் என்றார். எடுத்தால் அங்கே என்ன இருக்கும் என்று கேட்டான். வெறும் காகிதம் இருக்கும் என்றார் அவர். அது ஒன்றும் பாதகமில்லை, இல்லாததை இல்லை என்று காட்டிவிடுவது எங்கள் வழக்கம் என்றார்.

படத்தை மெல்லிய காகிதத்தில் சுற்றும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிரகாசம் பிடித்துக்கொண்டான்.

கமிட்டி ஆலயத்தின் பக்கத்து அறையில் கூடியது. போதகர், பொருளாளர், இன்னும் இரண்டு மூப்பர்கள். ஓசூர் தாலுகா மைசூரோடு போய்விடும் என்று வதந்தி கிளப்பியவர்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் கேலி பேசினார்கள். பிறகு ஜெபம் செய்தார்கள். மாமனார் எழுதி அனுப்பியிருந்த வாசகத்தைப் போதகர் வாசித்தார். பெயர். தகப்பன் பெயர், புருஷன் பெயர். பிறந்த தேதி, நித்திரையடைந்த தேதி. அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘உண்மையுள்ளவள்’. அதற்கும் கீழே ஒரு வரி காலியாக விடப்பட்டிருந்தது. கடைசியாக அவள் சொன்னதை அங்கே வெட்ட வேண்டும். இந்தச் சபையில் அது வழக்கம். சாகிறவர் கடைசியாகச் சொன்ன வசனத்தைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள், அடக்கத்தன்று சொல்வார்கள், வசதியுள்ளவர்கள் கல்லில் வெட்டுவார்கள். ஜெபசீலி ஒரு சங்கீத வசனத்தைச் சொல்லிக்கொண்டே போனாள் என்று அடக்கத்தன்று போதகர் சொல்லிவிட்டார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். பிரகாசம் அன்று மறுக்கவில்லை.

கல் விஷயத்துக்கு முன்னால் இதை முடித்துவிடலாம் என்று போதகர் முனிலட்சுமியின் பேச்சை எடுத்தார். நீங்கள் விசாரித்தீர்களா என்று கேட்டார்.

பிரகாசம் எழுந்து நின்றான். உட்கார்ந்தே சொல்லலாம் என்றார் பொருளாளர். அவன் உட்காரவில்லை.

“அந்த நீலம் என் மனைவி பூசினதுங்க ஐயா.”

பொருளாளர் நிமிர்ந்து பார்த்தார்.

“துடைச்சது?” என்றார் போதகர்.

முனிலட்சுமி கிணற்றடியில் நின்று சொன்னதெல்லாம் அவனுக்குள் இருந்தது. அதில் பாதியைச் சொல்லிவிட்டான்; அது உண்மை. முழுதும் சொன்னால் அவளுக்கு வீடில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மிச்சத்துக்கு வாயை மூடிக்கொண்டிருக்கவும் அவனுக்கு வரும். அது அவனுக்கு எப்போதும் சுலபமாக வந்தது.

“அவளேதான்,” என்றான். “சுண்ணாம்பு தெறிச்சதுன்னு துடைச்சிருக்கா. கெட்டுப்போனதும் பயந்து பூசிட்டா. முனிலட்சுமிக்கு இதுல ஒண்ணும் இல்ல. அவளுக்குத் தெரியவும் தெரியாது.”

“உங்களுக்கு?”

“இன்னிக்குத்தான் தெரியும்.”

பொருளாளர் வயதானவர், கண்டிப்பானவர். கிறிஸ்துமஸுக்குச் சபையார் எல்லாரும் வந்து திரை விலக்கிப் பார்த்தார்களே, அப்போது அவள்தானே விலக்கினாள் என்றார். ஆமாம் என்றான் பிரகாசம். சிரித்துக்கொண்டே நின்றாள், நான் பார்த்தேன் என்றார். அதற்கும் ஆமாம் என்றான். சீமையிலிருக்கிற அம்மாளுக்கு அதற்கப்புறம் இரண்டு கடிதம் எழுதினாளே, அதிலாவது ஒரு வார்த்தை எழுதினாளா என்றார். தெரியாது என்றான்.

பொருளாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தனக்கு அந்தப் பெண்மேல் ஒரு வருத்தமும் இல்லை என்றார். தன் மகள்போல என்றார். ஆனால் இவ்வளவு தெரிந்த பிறகு அந்த ஒரு சொல்லைச் சபையின் கல்லறைத் தோட்டத்தில், கல்லில் வெட்டுவதற்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது. மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். போதகர் பிரகாசத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

“எடுத்துடுங்க,” என்றான் பிரகாசம்.

போதகர் பேனாவால் அந்தச் சொல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டார். மெதுவாகப் போட்டார். மாமனாருக்கு யார் எழுதுவது என்று ஒருவர் கேட்டார். தான் எழுதுவதாகப் பிரகாசம் சொன்னான். என்ன எழுதுவான் என்று அவனுக்குத் தெரியவில்லை. மகளைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிற மனிதர். கேட்டதும் பஸ் ஏறி வந்துவிடுவார். வந்து இவன் முகத்தைப் பார்த்து, நீ இதை ஏன் சொன்னாய் என்பார். நியாயமான கேள்விதான். அதற்கும் அவன் பதில் சொல்ல முடியாது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தளி ஊர்ப் பக்கத்திலிருந்து குளிர்காற்று வந்தது. கேட் வரைக்கும் போதகர் கூடவே நடந்தார். பங்களாவில் முனிலட்சுமி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. அவள் இவர்களைப் பார்த்துவிட்டு ஒரு ஜன்னலில் கையை வைத்தபடி நின்றாள். பிரகாசம் தலையை அசைத்தான். அவள் ஜன்னலைச் சாத்தினாள்.

“தம்பி,” என்றார் போதகர். “கடைசி வரி காலியாத்தான் இருக்கு. அதுலயாவது நல்லதா ஒண்ணு வெட்டுவோம். அவங்கப்பாவுக்கு ஆறுதலா இருக்கும். அன்னிக்கு நான் வசனம்னு சொன்னேன். நெசமா அவ என்ன சொன்னா?”

“கல்லுல வெட்டற மாதிரி ஒண்ணும் இல்லீங்க ஐயா. பேரும் தேதியும் போதும்.”

போதகர் அவன் தோளில் கையை வைத்தார். வற்புறுத்தவில்லை.

பிரகாசம் தன் அறைக்கு வந்து சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினான். கட்டிலில் உட்கார்ந்தான்.

அவளுடைய கடைசி நாள் காலையில் ஜுரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நர்ஸ் வந்து தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். பிரகாசம் ஈரத்துணியை மடித்து நெற்றியில் வைத்தான். ஜெபசீலி கண்ணைத் திறந்து அந்தத் துணியை எடுத்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. ஸ்பூனில் தண்ணீர் விட்டான். விழுங்கினாள். பிறகு அவன் முகத்தைத் தேடிப் பிடித்து ஒன்று சொன்னாள். ஜுர வேகத்தில் உளறுகிறாள் என்று எண்ணி அவன் சரி சரி என்றான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை, மத்தியானம் போய்விட்டாள். அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. அதில் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதாக அவன் நினைக்கவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்:

“முனிலட்சுமிய ஒண்ணும் சொல்லாதீங்க.”